கைப்பிடி அரிசி

ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் இரண்டு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பாள். முதல் பிடி அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்துக்குப் போகும். அது கோயிலுக்கு. இரண்டாவது பிடி, பக்கத்திலேயே இருக்கும் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவுக்குப் போகும். அது யாருக்கு என்று கேட்டால் "அது வேற" என்பாள். அதற்கு மேலும் கேட்டால், "ஏட்டி, வெளிய கோழி நெல்லத் திங்கி பாரு, போய் வெரட்டு" என்று ஏதாவது வேலை சொல்லி அனுப்பிவிடுவாள்.

முதல் கலயத்தின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. செம்மண், பனை, கோயில் கோபுரம், அவ்வளவுதான். திருநெல்வேலிச் சீமையின் பழைய புராட்டஸ்டன்ட் ஊர்க்காரர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். பாதிரியாரை ஐயர் என்போம். வெளியூர்க்காரர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். "ஐயர் கோயில்ல ஜெபம் பண்ணுதாரு" என்று நான் சென்னை ஹாஸ்டலில் சொன்னபோது அறைத்தோழி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கையில் காசு புழங்காத பெண்கள் கோயிலுக்குக் கொடுப்பதற்குக் கண்டுபிடித்த வழிதான் கைப்பிடி அரிசி. புருஷனிடம் கேட்க வேண்டாம், கணக்குச் சொல்ல வேண்டாம். தன் வீட்டுச் சோற்றில் ஒரு பிடி குறையும், அவ்வளவுதான். கலயம் நிறைந்ததும் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அளந்து விற்று அந்தப் பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவார்கள். 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் உள்ளூர்க் காணிக்கையில் நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். அவர்களுடைய ஊழியக்காரர்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் போனார்கள். அசரியா 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட பயணங்களுக்குக் கட்டுச்சோறு கட்டிய கைகளைப் பற்றி அவற்றில் அதிகம் இல்லை.

இரண்டாவது டப்பாவின் கதை எங்கள் வீட்டிலேயே சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் ஆச்சி எந்தக் கதையையும் நேரே தொடங்கமாட்டாள். பழையதிலிருந்து வருவாள். நானும் அப்படியே வருகிறேன்.

*

எங்கள் பக்கம் சபை வரலாறு என்றால் பெரும்பாலும் துரைமார் வரலாறு. இன்ன துரை இன்ன வருஷம் வந்தார், இத்தனை அடி கோபுரம் கட்டினார் என்று போகும். ஆச்சி அப்படித் தொடங்கமாட்டாள். "மொதல்ல ஒரு பாப்பாத்தியம்மா இருந்தா" என்பாள்.

அந்தப் பாப்பாத்தியம்மாள் கற்பனை இல்லை. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்திய பிராமண விதவை. அவரைச் சிதையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று ஒரு கதை உண்டு. லிட்டில்டன் என்ற அந்த அதிகாரியோடு அவர் வாழ்ந்தார் என்பது உறுதி. அவரிடமிருந்தே கிறிஸ்தவத்தை அறிந்துகொண்டார். பிறகு தஞ்சையில் இருந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். திருமணம் ஆகாமல் ஒருவரோடு வாழும்வரை ஞானஸ்நானம் கிடையாது என்றார்.

சுவார்ட்ஸ் கெட்டவர் இல்லை. தஞ்சை அரசரும் ஆங்கிலேயரும் ஹைதர் அலியும் ஒருசேர நம்பிய மனிதர் அவர். ஆனால் விதி விதிதான். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோதுதான் ஞானஸ்நானம் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் ஆனது. 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள். பல சாதிக்காரர்கள். 1785-இல் அங்கே கிளாரிந்தா கட்டிய கோயிலைத்தான் திருநெல்வேலிச் சீமையின் முதல் புராட்டஸ்டன்ட் ஆலயம் என்கிறோம். இன்றைக்கும் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்கிறவர்கள் உண்டு. அ. மாதவையா 1915-இல் அவரை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார்.

ஆச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது வருஷம் எதுவும் வராது. ஓர் இடத்தில் மட்டும் நிறுத்துவாள். "வாசல்லயே நிக்க வச்சுட்டாவ, பாத்துக்க. அவளுக்குக் கோவம் வந்திருக்கும்லா? வந்தாலும் அவ போகல. கடைசில அவளே கோயிலக் கட்டிட்டா."

சின்ன வயதில் இது எனக்கு ஒரு வெற்றிக் கதையாகத்தான் கேட்டது. வாசலில் நிறுத்தப்பட்ட பெண் ஒருத்தியிடமிருந்து எங்கள் சபையின் வரலாறு தொடங்குகிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

*

அதற்குப் பிறகு வந்தது அடைக்கல ஊர்களின் காலம். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில், சாத்தான்குளத்துப் பக்கம், ஊரில் துன்புறுத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக ஓர் இடம் வாங்கிக் குடிவைத்தார்கள். முதல் ஊர், அதனால் முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். தர்ம சங்கம் என்று ஒன்று அமைத்து, அதன் பணத்தில் நிலம் வாங்கினார்கள். புதிய ஏற்பாட்டை வாசித்த கையோடு பெயர் வைத்தது போல ஊர்கள் முளைத்தன. நாசரேத், சுவிசேஷபுரம், மெஞ்ஞானபுரம், ஆனந்தபுரம்.

இந்த ஊர்கள் எவ்வளவு பெரிய காரியம் என்பதை இன்றைக்கு உணர்வது கஷ்டம். பனையேறி ஒருவருக்கு வீடு இருக்கும் மனைக்கட்டு பெரும்பாலும் வேறொருவருடையது. ஏறும் பனையும் வேறொருவருடையது. நிலக்காரர் முகம் சுளித்தால் ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். அந்த நிலைமையில் "இந்த மண் உன்னது, உன்னை யாரும் கிளப்ப முடியாது" என்று ஒருவர் சொன்னால் அது ஒரு நற்செய்திதான். எங்கள் முன்னோர் வேதத்தை முதலில் வாசித்து நம்பினார்களா, மண்ணை மிதித்து நம்பினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து பிரிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் அடைக்கலத்துக்கு ஒரு வேலி உண்டு. உள்ளே வந்தவர்கள் ஊர் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பனையேறக் கூடாது. பழைய சாமிகளுக்குக் கொடை கொடுக்கக் கூடாது. வெளியே பெண் எடுக்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. மீறினால் திருவிருந்திலிருந்து விலக்கு. துன்பம் சூழ்ந்திருந்த காலத்தில் இந்த வேலி அவர்களைக் காத்தது. துன்பம் போன பிறகும் வேலி நின்றது.

இதில் ஒரு முரண் உண்டு. அடைக்கலம் கட்டிய ரேனியஸுக்கே கடைசியில் அடைக்கலம் இல்லாமல் போனது. அவர் லுத்தரன். அவரை அனுப்பிய சங்கம் ஆங்கிலிக்கன். சபை ஒழுங்குகள் பற்றிய சச்சரவில் 1835-இல் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். சபை மக்களில் பலர் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார். 1838-இல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார்.

*

ஆச்சி 1932-இல் பிறந்தவள். மிஷன் போர்டிங் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். அவளுடைய அம்மாவும் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். அந்தக் காலத்து ஒரு பனையேறிக் குடும்பத்தில் இரண்டு தலைமுறைப் பெண்கள் வாசித்தார்கள் என்பது சாதாரணமில்லை. இதற்குப் பின்னால் இருக்கும் ஆட்களும் பெரும்பாலும் பெண்களே. பாளையங்கோட்டையில் 1895-இல் தொடங்கிய மகளிர் கல்லூரிக்குப் பெயர் தந்த சாரா டக்கர், இங்கிலாந்தைவிட்டு வெளியே வர முடியாத உடல் ஊனம் கொண்டவர். திருநெல்வேலியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மதராஸில் இருந்த சகோதரர் எழுதிய கடிதங்களை வாசித்தே இந்தப் பெண் பிள்ளைகளுக்காக உழைத்தார். இடையன்குடியில் கால்டுவெல் ஒப்பிலக்கணம் எழுதிக்கொண்டிருந்த அதே வளாகத்தில் அவர் மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் தன் தாய் தொடங்கிய லேஸ் பின்னலை இங்கே கொண்டுவந்தவரும் அவர்தான். கணவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஆச்சிக்குத் தெரிந்தது லேஸ். கண் மங்கும்வரை திண்டில் ஊசிகள் குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு இருப்பாள். மழை ஓட்டில் விழுவதுபோல ஒரு சத்தம் வரும். எனக்கு அதுதான் தாலாட்டு.

அப்பாவும் அம்மாவும் வேலை நிமித்தம் வேறு ஊரில் இருந்ததால் பத்து வயது வரை நான் ஆச்சியிடம்தான் வளர்ந்தேன். ராத்திரி வேதக்கதை சொல்வாள். எனக்குப் பிடித்தது கெட்ட குமாரன் கதை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் வரும். இளைய மகன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அழித்து, பன்றி மேய்த்து, பசியில் வீடு திரும்புவான். அப்பா தூரத்திலேயே பார்த்து ஓடிப் போய்க் கட்டிக்கொள்வார். கொழுத்த கன்றை அடித்து விருந்து வைப்பார். மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பான்.

ஒருநாள் கேட்டேன்: "ஆச்சி, அவனுக்கு அம்மா இல்லியா?"

"ஏன் இல்லாம? இருந்தா."

"கதைல வரலியே."

"அவ அடுப்படியில இருந்திருப்பா. கன்னுக்குட்டிய அடிச்சாப் போதுமா, சமைக்கது யாரு?"

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, லேஸ் கட்டையை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: "அப்பன்காரன் அன்னைக்கு ஒருநாதான் ஓடுனான். அவ தெனமும் ஒரு ஆளுக்குச் சேத்துத்தான் ஒல வச்சிருப்பா."

அப்போது நான் தூங்கிப்போயிருப்பேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

*

ஆச்சியிடம் "எப்படி இருக்கீக?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "கிருபையா இருக்கேன்."

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1706-இல் டென்மார்க் அரசர் அனுப்பித் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். அது 1715-இல் அச்சாகி முடிந்தது. பிறகு பப்ரிசியஸ் திருத்தினார், ரேனியஸ் திருத்தினார், 1871-இல் பவர் ஐயர் தலைமையிலான குழு ஒரு பொதுமொழிபெயர்ப்பை முடித்தது. ஆச்சியின் தலைமாட்டில் இருந்தது அந்த மரபின் பைபிள்தான். லுத்தருடைய சீர்திருத்தம் முழுவதும் ஒரு கருத்தின் மேல் நிற்கிறது. மனிதன் தன் நல்ல செயலால் கடவுளின் அன்பைச் சம்பாதிக்க முடியாது, அது இலவசமாகத் தரப்படுவது. அதற்குத் தமிழில் அவர்கள் வைத்துக்கொண்ட சொல் கிருபை. கத்தோலிக்கர்கள் இன்று அருள் என்பார்கள். வடமொழியில் அதற்கு இரக்கம் என்று பொருள். எங்கள் ஊர் வாயில் அது புழங்கிப் புழங்கி, தகுதி பார்க்காமல் வருவது என்ற அர்த்தம் ஏறிவிட்டது. எதிர்பாராமல் மழை பெய்தால் கிருபை. பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனால் பெருங்கிருபை.

ஆக, மையத்தில் நிபந்தனையே இல்லாத ஒரு கொடை இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காகச் சுற்றி எழுப்பிய வேலி முழுக்க நிபந்தனை. எங்கள் முந்நூறு வருஷக் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறிதான் என்று இப்போது தோன்றுகிறது. கிளாரிந்தா அந்த இழுபறியில் நின்றார். எங்கள் வீட்டில் சித்தி நின்றாள்.

*

சித்தி அம்மாவின் தங்கை. 1986-இல், நான் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், கூட வேலை பார்த்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் இந்து. வேறு சாதி. எங்கள் சாதிக்குக் கீழே என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த சாதி. தாத்தா அப்போது கோயில் கமிட்டியில் இருந்தார். கமிட்டி கூடியது. சித்தியைத் திருவிருந்திலிருந்து விலக்கினார்கள். அந்த முடிவில் தாத்தாவும் ஒப்பம் வைத்தார். வீட்டுக்கு வந்து, "இனி அவ பேச்சு இந்த வீட்டுல இல்ல" என்றார். ஆச்சி பதில் பேசவில்லை. சோறு போட்டாள்.

அடுத்த மாதம் நற்கருணை ஞாயிறு வந்தது. எல்லாரும் எழுந்து வரிசையாகக் கிராதிக்குப் போய் முழங்கால் போட்டார்கள். ஆச்சி எழுந்திருக்கவில்லை. தலையில் முக்காட்டோடு பெஞ்சிலேயே இருந்தாள். உடம்பு சரியில்லையோ என்று நினைத்தார்கள். அதற்கு அடுத்த மாதமும் இருந்தாள். பதினொரு வருஷம் இருந்தாள்.

இதன் கனம் வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். ஆச்சி மாதிரி ஒரு விசுவாசிக்கு அந்தத் துண்டு அப்பமும் ஒரு மடக்கு ரசமும் வெறும் சடங்கு இல்லை. அது கர்த்தரோடு ஒரே பந்தியில் உட்காருவது. அவள் கோயிலை விடவில்லை. ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. கைப்பிடி அரிசியைக் கொடுத்தாள், அசனப் பண்டிகைக்கு வெங்காயம் உரித்தாள், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓலையில் சிலுவை முடைந்து கொடுத்தாள். பந்திக்கு மட்டும் போகவில்லை. என் பிள்ளைக்கு இல்லாத இலை எனக்கும் வேண்டாம் என்று சண்டை போட்டிருந்தால் அது ஊர்ப்பேச்சாகியிருக்கும். அவள் சண்டையும் போடவில்லை.

டப்பாவில் விழுந்த அரிசி சித்திக்கு. நிறைந்ததும் துணிப்பையில் கட்டி, திருநெல்வேலிக்குச் சரக்கு கொண்டுபோகும் கருப்பட்டி வியாபாரியிடம் கொடுத்துவிடுவாள். மேலே ரெண்டு சில்லு கருப்பட்டி இருக்கும். கடிதம் இருக்காது. சித்திக்கு அரிசி தேவையே இல்லை. இரண்டு பேர் சம்பளம் வந்த வீடு. "அந்தப் பை வந்தா அம்மா சொகமா இருக்கா, எம்மேல கோவம் இல்லன்னு அர்த்தம்" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். "ஒரு மாசம் வரலன்னா எனக்குத் தூக்கம் வராது."

1997-இல் தாத்தா போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் புதிதாக ஒரு ஐயர் மாற்றலாகி வந்தார். மூன்று நற்கருணை ஞாயிறு பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, "பாட்டிம்மா, ஏன் வர மாட்டேங்கிறீங்க?" என்று நேராகக் கேட்டாராம். பதினொரு வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். ஆச்சி சொன்னாள். அவர் எதையும் விளக்கவில்லை. பதனி குடித்துவிட்டு எழுந்து, "உங்க மகளையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிப் போனார். கமிட்டியில் என்ன பேசினார், மேலிடத்துக்கு எப்படி எழுதினார் என்பது வீட்டுக்கு வரவில்லை.

அந்த ஞாயிறு எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. எனக்கு ஒன்பது வயது. ஆச்சி எழுந்தாள். யாரோ ஒரு அத்தை மாதிரி இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் பயந்துபோய் அம்மாவிடம், "அந்த ரசம் ரொம்பப் புளிப்பா?" என்று கேட்டேன்.

*

இதோடு முடித்தால் ஆச்சி ஒரு புனிதையாகிவிடுவாள். அவள் அப்படி இல்லை. அவளே அதை ஒத்துக்கொள்ளமாட்டாள்.

கடைசிக் காலத்தில் ஒருநாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது, தானாகவே சொன்னாள். சித்தப்பா முதல்முறை வீட்டுக்கு வந்த அன்று, தண்ணீர் கொடுக்க உள்ளே போனவள், அடுக்கில் இருந்த டம்ளரை எடுக்கவில்லை. பின்கட்டில் வேலைக்காரர்களுக்கு வைத்திருந்த டம்ளரை எடுத்தாள். "என் கை தானாப் போச்சுட்டி. நான் நெனைக்கவே இல்ல. அது பழகுன கை. அவன் வாங்கிக் குடிச்சான். ஒண்ணும் சொல்லல. ஆனா பாத்தான்."

எங்கள் சாதிக்காரர்களைக் கோயில்களுக்குள் விடாமல் தடுத்ததும், அந்த உரிமைச் சண்டை பற்றி எரிந்து 1899-இல் சிவகாசியில் கலவரம் வெடித்ததும் பாட்டன் காலத்துக் கதை. தள்ளி நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த கை அது. அந்தக் கைதான் தனி டம்ளரைத் தேடிப் போனது. ஆச்சி மட்டும் இல்லை. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சையில் எத்தனையோ பழைய கிறிஸ்தவர்கள் சபையைவிட்டே விலகிப்போனார்கள். எதிர்த்தவர்களில் ஒருவர் சுவார்ட்ஸின் மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைத்தான் ஆச்சி விடியற்காலையில் முணுமுணுப்பாள், நானும் மனப்பாடமாய்ப் படித்தேன். இன்றைக்கும் அந்த ராகம் காதில் விழுந்தால் நெஞ்சு இளகும். இளகும்போதே உறுத்தும். இரண்டும் எனக்கு வந்த சொத்துதான்.

ஆச்சி என்ன செய்தாள்? மன்னிப்புக் கேட்டாளா என்று கேட்டேன். "அவன்கிட்ட எப்பிடிக் கேக்க? கேட்டா அவனுக்குத்தான் சங்கடம்" என்றாள். அதன் பிறகு சித்தி வீட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும், வாசலில் நுழைந்ததும், "மருமகன், ஒரு வாய் தண்ணி தாங்க" என்று அவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் உட்காருவாளாம். அவர் எந்த டம்ளரில் கொடுத்தாலும். சாகும்வரை அப்படியே செய்தாள். சித்தப்பாவுக்கு அது புரிந்ததா என்று நான் கேட்டதில்லை. அவர்தான் ஆச்சியின் பெட்டியைத் தலைமாட்டில் தூக்கினார்.

அன்பு சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அறுபது வயதுக்குப் பக்கத்தில், வெட்கப்பட்டு வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

*

எனக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதில் நம்பிக்கை போயிற்று. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒருநாள் பார்த்தால் இல்லை. வீட்டில் சண்டை. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. ஆச்சியிடம் சொல்லப் பயந்துகொண்டே ஊருக்குப் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"நான் இப்பல்லாம் கோயிலுக்குப் போறதில்ல ஆச்சி. நம்பிக்கை வரல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது வசனம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"சரி. நீ போகாட்டா என்ன, நான் போறேன்லா. ஒனக்கும் சேத்து எடம் போட்டு வைக்கேன்." பிறகு, "சாப்ட்டியா?" என்றாள்.

அன்று கிளம்பும்போது என் பையில் ஒரு துணிமூட்டையைத் திணித்தாள். அரிசி. "சென்னையில அரிசி கிடைக்காதா ஆச்சி? இத யாரு தூக்கிட்டுப் போறது?" என்று அலுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் திணித்தாள். ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொண்டேன். ஒருதடவை பாரம் என்று கோயம்பேட்டில் ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

2015-இல் ஆச்சி போனாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து, வீட்டைக் கழுவி, எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நான் அடுப்படிக்குப் போனேன். மூலையில் மண்கலயம் இருந்தது. பக்கத்தில் பால்பவுடர் டப்பா. துருப்பிடித்து, தட்டால் மூடியிருந்தது. திறந்தேன். பாதி டப்பா அரிசி.

பின்னாலேயே சித்தி வந்து நின்றாள். அன்றைக்குத்தான் இந்தக் கதையெல்லாம் சொன்னாள். பதினொரு வருஷம், கருப்பட்டி வியாபாரி, பெஞ்சு எல்லாவற்றையும். எல்லாம் கேட்டுவிட்டு, "பாருங்க சித்தி, கடைசி வரைக்கும் உங்களுக்கு எடுத்து வச்சிருக்கா" என்றேன்.

சித்தி தலையாட்டினாள். "எனக்குள்ளது தொண்ணூத்தேழோட நின்னு போச்சு. டப்பாவக் கழுவிக் கவுத்தி வச்சிருந்தா. திரும்ப எடுத்தது நீ அன்னைக்கு வந்து சொல்லிட்டுப் போனப்பொறம்தான்."

அந்த அரிசியை நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன். வண்டு விழுந்திருந்தது. புடைத்து, கல் பொறுக்கி, மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டேன். இன்னும் நான் கோயிலுக்குப் போவதில்லை. ஈஸ்டர் விடியலில் மட்டும் ஊரில் இருந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போவேன். எல்லோரும் மெழுகுவர்த்தியோடு நின்று பாடுவார்கள். எனக்கு அந்தப் பாட்டெல்லாம் இன்னும் மறக்கவில்லை.

டப்பா என் அடுப்படியில் இருக்கிறது.